விதை வங்கி ஆராய்ச்சியை வாழ்நாள் வேலையாக எடுக்கலாமா?

முதுகுளத்தூர்க்காரி எழுதியது:

வணக்கம். எம்.எஸ்சி. விதை அறிவியல், கடைசி செமஸ்டர். முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஓசூர்ப் பக்கம் ஒரு காய்கறி விதைக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு வேலை. ஜூனில் சேரச் சொல்கிறார்கள். இன்னொன்று, தாவர மரபு வளங்களில் பிஎச்.டி. முடித்து, ஏ.ஆர்.எஸ். (வேளாண் ஆராய்ச்சிப் பணி) தேர்வு எழுதி, ஏதாவது ஒரு விதை வங்கியில் விஞ்ஞானியாகப் போவது. மனசு இரண்டாவதில்தான் நிற்கிறது.

வீட்டில்தான் இடிக்கிறது. அப்பா கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "நெல்லைக் காய வச்சு டப்பால போட்டு மூடுறத உங்க அப்பத்தா அறுபது வருஷமாச் செய்யுது. அதுக்கு எதுக்கு டாக்டர் பட்டம்?" எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தும் வரவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

உள்ளே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கே என்ன செய்வீர்கள்? ஸ்டோர் கீப்பர் வேலையா, ஆராய்ச்சியா? முப்பது வருஷம் சலிக்காதா? அப்புறம் ஒரு சின்ன ஆசை, சிரிக்காதீர்கள்: நார்வேயில் ஸ்வால்பார்டு உலக விதைப் பெட்டகத்தில் வேலை கிடைக்குமா?

லாட் நம்பர் எழுதியது:

தங்கச்சி, நான் அந்த ஓசூர் வழியில் போனவன். பதினோரு வருஷம். தக்காளிக்கு நூற்றுக்கு 70, மிளகாய்க்கு 60, நெல்லுக்கு 80. சட்டம் கேட்கும் குறைந்தபட்ச முளைப்பு இவ்வளவுதான். சோதனை முடிந்த தேதியிலிருந்து ஒன்பது மாசம் லேபிள் செல்லும், தாண்டினால் மறுபடி சோதனை. சீசன் நேரத்தில் ஒரு நாளைக்கு நூறு லாட் (விதைத் தொகுதி) பார்த்திருக்கிறேன். சம்பளம் முதல் தேதி வந்துவிடும், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் பார்த்த விதை எதுவும் இரண்டு வருஷத்துக்குமேல் என் கையில் இருந்ததில்லை. பாஸ் ஆனால் லாரி ஏறும், ஃபெயில் ஆனால் வேறு லாரி ஏறும். இது பிடிக்குமா பிடிக்காதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வேலை செய்துகொண்டே பிஎச்.டி. என்று மட்டும் கனவு காணாதீர்கள், சீசன் விடாது.

அப்பாவிடம் ரஷ்யாவின் லெனின்கிராட் விதை வங்கிக் கதையைச் சொல்லிப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் முற்றுகையில் அங்கே வேலை பார்த்தவர்கள் பட்டினி கிடந்து செத்தார்கள், பக்கத்தில் மூட்டை மூட்டையாக நெல்லும் கோதுமையும் இருந்தது, தொடவில்லை.

நூற்றுக்கு எத்தனை எழுதியது:

மகளே, நீ என் கடைசிப் பெண்ணைவிடச் சின்னவள், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். 1987இல் இந்த வேலையில் சேர்ந்து 2021இல் ஓய்வு பெற்றேன். பாதிக் காலம் வடக்கே, பாதிக் காலம் தெற்கே. அலுவலகத்தின் பெயரை எழுதப்போவதில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போவதில் நிறைய எங்கள் தப்புகள்தான்.

முதலில் அப்பாவின் கேள்வி. நியாயமான கேள்வி. அப்பத்தா செய்வதைத்தான் நாங்களும் செய்கிறோம். காயவை, காற்றுப் புகாமல் மூடு, சூடு படாமல் வை. வித்தியாசம் எங்கே என்றால், உங்கள் பக்கத்து நெல் தையில் அறுத்தால் அடுத்த புரட்டாசி விதைப்பு வரை தாங்கினால் போதும், எட்டு மாசம். நாங்கள் வைப்பதை ஐம்பது வருஷம் கழித்து யாரோ பிரிக்க வேண்டும், அவர் இன்னும் பிறந்திருக்கவே மாட்டார்.

ஹாரிங்டன் கணக்கு நீ படித்திருப்பாய். ஈரம் ஒரு சதவீதம் இறங்கினால் ஆயுள் இரட்டிப்பு, வெப்பம் ஐந்து டிகிரி இறங்கினால் இன்னொரு இரட்டிப்பு. தோராயக் கணக்குதான், ஆனால் அப்பாவுக்குப் போட்டுக் காட்ட நல்லது. அப்பத்தாவின் நெல் 13 சதவீத ஈரத்தில் 30 டிகிரியில் இருக்கிறது என்று வை. அதை 7 சதவீதத்துக்குக் காயவைத்து 5 டிகிரியில் வைத்தால் ஆறு தடவை இரட்டிப்பு, அதன்மேல் ஐந்து தடவை இரட்டிப்பு. 2,048 மடங்கு. நாங்கள் அதற்கும் கீழே போய் மைனஸ் 18இல் வைக்கிறோம். காயவைப்பதையும் வெயிலில் செய்வதில்லை. 15 டிகிரி, 15 சதவீதக் காற்று ஈரப்பதம் உள்ள அறையில் வாரக்கணக்கில் மெதுவாகக் காய்கிறது.

"அவ்வளவுதானே?" என்று அப்பா கேட்பார். அங்கேதான் வேலையே ஆரம்பிக்கிறது. உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? முளைக்கவைத்துப் பார்த்தால்தான் தெரியும். முளைத்த விதை திரும்பப் பைக்குள் போகாது. ஒரு பையில் சில ஆயிரம் விதைதான் இருக்கும், ஒவ்வொரு சோதனைக்கும் இருநூறு போகிறது. அடிக்கடி பார்த்தால் பார்த்தே தீர்த்துவிடுவாய். பார்க்காமல் விட்டால் ஒரு நாள் பிரிக்கும்போது எல்லாம் செத்திருக்கும். எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை, எத்தனை விதை, எந்தப் பயிருக்கு எப்படி: என் முப்பத்து நான்கு வருஷத்தில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியில்தான் போயிற்று.

விதை மனுஷனைப்போலத் தேய்ந்து தேய்ந்து சாவதில்லை. ஒரு பை 98 காட்டும். பத்து வருஷம் கழித்து 97. அப்புறமும் 97. நீ நிம்மதியாக இருப்பாய். அதற்கடுத்த தடவை 84, அதற்கடுத்து 40. மேட்டில் நடந்துகொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று பள்ளத்தில் இறங்கும் வளைகோடு அது. அதனால்தான் 85 என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இறங்கினால் வயலுக்குக் கொண்டுபோய் விதைத்துப் புது விதை எடுக்க வேண்டும். அந்த மறுபெருக்கம் வேறு தலைவலி. பக்கத்து வரிசையோடு மகரந்தம் கலக்கக் கூடாது, களத்தில் ஒரு கைப்பிடி மாறக் கூடாது, நன்றாக விளைந்த செடியிலிருந்து மட்டும் எடுத்துவிடவும் கூடாது. சோனிச் செடியின் விதையும் உள்ளே போக வேண்டும். விவசாயி வீட்டில் வளர்ந்தவளுக்கு இதுதான் கஷ்டம், கை தானாக நல்ல கதிருக்குப் போகும்!

ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டாய். காலையில் முளைப்பு அறை. ஈர முளைப்புத்தாளைப் பாய்போல விரித்து, நூறு விதையைப் பத்துக்குப் பத்தாக அடுக்கி, சுருட்டி, நம்பர் எழுதி நிறுத்திவைப்பாய். போன வாரம் சுருட்டியதைப் பிரித்து எண்ணுவாய். சரியான நாற்று, கோணல் நாற்று, முளைக்காதது, அழுகியது. கேழ்வரகு என்றால் கண் பூத்துப்போகும். மதியம் ஈரம் பார்க்கிற அடுப்பு, எடை, பதிவேடு. குளிர் அறைக்குள் போவது என்னவோ வாரத்துக்கு இரண்டு தடவைதான். மே மாதத்துத் தில்லியில் வெளியே 44 டிகிரி, நீ வாசலில் நின்று கம்பளிக் கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டிருப்பாய், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். வெளியே எடுத்துவந்த பையை உடனே பிரிக்கக் கூடாது, ஒரு ராத்திரி அப்படியே வைத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐஸ் தண்ணீர் டம்ளரில் வேர்ப்பது போல விதையின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். முப்பது வருஷம் காத்த வறட்சி அரைமணியில் போய்விடும்.

இதில் ஸ்டோர் கீப்பர் எது, விஞ்ஞானி எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நல்ல ஸ்டோர் கீப்பராக இல்லாத யாரும் இந்தத் துறையில் நல்ல விஞ்ஞானியாக இருந்து நான் பார்த்ததில்லை.

நூற்றுக்கு எத்தனை எழுதியது:

(தொடர்ச்சி. கரண்ட் போய்விட்டது.)

என் முதல் தப்பைச் சொல்கிறேன். சேர்ந்து ஐந்தாறு மாசம். கடற்கரைப் பக்கத்து நாட்டு நெல் ஒன்று முளைப்புக்கு வந்தது. பதினாலாம் நாள் எண்ணினேன், நூற்றுக்கு 31. பதிவேட்டில் 'உயிர்த்திறன் இல்லை, நீக்கலாம்' என்று அழகான கையெழுத்தில் எழுதி, தாளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். எங்கள் சீனியர் அதிகம் பேசமாட்டார். பதிவேட்டைப் பார்த்தார், கூடையிலிருந்து தாளை எடுத்து விரித்தார், முளைக்காத ஒரு நெல்லை இடுக்கியால் அழுத்திக் காட்டினார். கல் மாதிரி இருந்தது. செத்த விதை தண்ணீர் குடித்து ஊறி அழுகும், அழுத்தினால் நசுங்கிப் பால் கக்கும், பூசணம் பிடித்திருக்கும். இது எதுவுமே இல்லை. "எப்போ அறுத்தது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பை மேலேயே எழுதியிருந்தது, அறுவடையாகி ஆறே வாரம். நெல் தூங்கிக்கொண்டிருந்தது, நான் இறப்புச் சான்றிதழ் எழுதிவிட்டேன்.

மீதி விதையை 50 டிகிரி அடுப்பில் ஐந்து நாள் வைத்து மறுபடி போட்டோம். 96. அன்றைக்குத்தான் விதை உறக்கம் என்ற வார்த்தை எனக்குப் பாடப் புத்தகத்திலிருந்து வெளியே வந்தது. சந்தேகம் என்றால் டெட்ரசோலியம் என்ற ரசாயனம் போட்டுப் பார்க்கலாம். விதையை நீளவாக்கில் வெட்டி அந்தக் கரைசலில் ஊறவைத்தால் உயிருள்ள கரு சிவந்துவிடும், செத்தது வெளுத்தே கிடக்கும். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் லேபிளைப் படித்திருக்க வேண்டும்.

லேபிள் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்த வேலையில் நான் மற்ற எதையும்விட அதிகம் சண்டை போட்டது லேபிளுக்காகத்தான். நம் நாட்டில் திரட்டியதற்கு ஐ.சி. என்று ஆரம்பிக்கும் எண், வெளிநாட்டிலிருந்து வந்ததற்கு இ.சி. எண். அந்த எண்ணுக்குப் பின்னால் பாஸ்போர்ட் விவரம் என்று ஒரு பக்கம் இருக்கும்: எந்த ஊர், எந்த மேடு, என்ன மண், என்ன பேர் சொல்கிறார்கள், யார் கொடுத்தார்கள், எதற்குச் சமைக்கிறார்கள். பழைய பைகளில் 'சாமை, சேலம்' என்று மட்டும் எழுதியது ஏராளம். முளைப்பு 95 இருக்கும், வைத்துக்கொண்டு என்ன செய்ய? அதற்குப் பேர் தானியம்.

கொல்லிமலைக்குப் போனால் சாமை என்று ஒன்று கிடையாது. மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை, திருகுலச் சாமை, பெருஞ்சாமை, கருஞ்சாமை என்று பிரித்துச் சொல்வார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு நாளில் விளையும், வேறு வேறு சரிவில் நிற்கும். நான் அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் விதை வாங்கிக்கொண்டு குறிப்பெடுக்கும்போது அந்த அம்மா கேட்டார்: "பேரை மட்டும் எழுதினாப் போதுமா? இதைக் கல்லுக்காட்டுல போடணும்னு எழுதலையா?" எழுதினேன். இருபது வருஷம் கழித்து ஒரு பயிர்ப் பெருக்க ஆராய்ச்சியாளர் வறட்சிக்குத் தாங்குகிற சாமை வேண்டும் என்று தேடியபோது, நூற்றுக்கணக்கான எண்ணில் அந்தப் பையைத்தான் முதலில் எடுத்தார். நான் முளைப்பு எண்ணியதற்காக எடுக்கவில்லை, அந்த அம்மா சொன்ன கல்லுக்காட்டுக்காக எடுத்தார்.

நம்ப முடியாவிட்டால் ஊரறிந்த உதாரணம் ஒன்று. ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற பழைய நெல், வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும். விளைச்சல் சுமார், சாப்பாட்டுக்கும் சுமார். யாரும் விரும்பிப் பயிரிடாத அதைப் பையில் வைத்திருந்தார்கள். வெள்ளம் தாங்கும் அதன் சப்1 மரபணுவை எடுத்து ஸ்வர்ணா என்ற நெல் ரகத்துக்குள் சேர்த்த ஸ்வர்ணா-சப்1 2009இல் விவசாயிக்கு வந்தது. 'மூழ்கினாலும் பிழைக்கும்' என்ற ஒரு குறிப்பு இல்லாமல் போயிருந்தால் எத்தனை ஆயிரம் பையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்திருப்பார்கள்?

இன்னொரு தப்பு, இது எங்கள் எல்லாருடையதும். நாட்டு நெல்லில் சிலதுக்கு நீளமான வால் இருக்கும். அலுமினியத் தாள் பையில் போட்டுக் காற்றை உறிஞ்சி ஒட்டினால் பை செங்கல் மாதிரி ஆகிவிடும். பத்து வருஷம் கழித்து வரிசையாகத் தொட்டுப் பார்த்தபோது ஒன்று மட்டும் தொளதொள என்று இருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனை அளவு ஓட்டை, வால் குத்தியது. ஈரம் 6 சதவீதத்திலிருந்து 11க்கு ஏறியிருந்தது, முளைப்பு 22. குளிர் அறைக் கம்ப்ரசர் நின்றுபோன ராத்திரிகளில்கூட இவ்வளவு சேதம் இல்லை. நன்றாகக் காய்ந்து மூடிய விதை ஒரு நாள் சூட்டைத் தாங்கிவிடும். அன்றிலிருந்து வாலை ஒடித்து உதிர்த்த பிறகுதான் பையில் போட்டோம்.

லெனின்கிராட் பற்றி லாட் நம்பர் தம்பி எழுதியிருக்கிறார். உண்மைதான். நெல் பொறுப்பாளர் இவானோவ் பல ஆயிரம் நெல் பொட்டலத்துக்கு நடுவே பட்டினியில் செத்தார். அந்த வங்கியை உருவாக்கிய வாவிலோவ் என்கிற பெரியவர் அந்த நேரம் சிறையில் இருந்தார், 1943இல் சரத்தோவ் சிறையிலேயே போய்விட்டார். ஆனால் அந்தக் கதையில் என்னை அசைத்தது உருளைக்கிழங்குதான். நெல்லைத் தின்னாமல் இருந்தால் போதும். கிழங்கு அப்படியில்லை. குண்டு விழும் வயலிலிருந்து தோண்டி எடுத்து, நகரத்துப் பாதாள அறையில் உறைந்துபோகாமல் இருக்க ராப்பகலாக அடுப்பெரித்து, வசந்தம் வந்ததும் திரும்ப நட்டார்கள். தின்னாமல் இருந்ததோடு தினமும் வேலையும் பார்த்தார்கள்.

ஸ்வால்பார்டு: சிரிக்கவில்லை, ஆனால் அங்கே விஞ்ஞானி வேலையே கிடையாது. 2008இல் திறந்தது. மலைக்குள் ஒரு குகை, பூட்டு, பெட்டிகள். வருஷத்தில் சில நாள்தான் கதவு திறக்கும். பெட்டியை அனுப்பிய வங்கிதான் அதைத் திரும்ப எடுக்கலாம், வேறு யாரும் பிரிக்கக் கூடாது. நம் பீரோ சாவிக்கு இன்னொரு சாவி செய்து அத்தை வீட்டில் கொடுத்துவைப்போமே, அந்த மாதிரி. சிரியாவில் அலெப்போ பக்கத்திலிருந்த இக்கார்டா என்ற விதை வங்கியை யுத்தத்தால் நடத்த முடியாமல் போனபோது, 2015இல் அந்தப் பெட்டிகளை எடுத்து லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017இல் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். வேலை முழுக்க லெபனான், மொராக்கோ வயல்களில் நடந்தது, போட்டோ மட்டும் ஸ்வால்பார்டில்.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். கட்டுரை மெதுவாகத்தான் வரும். நான் போட்ட ஒரு சேமிப்புச் சோதனைக்கு முடிவு வர 19 வருஷம் ஆயிற்று. பதவி உயர்வு நேர்காணலில் "மூன்று வருஷமாக என்ன செய்தீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். "காத்திருந்தேன்" என்று சொல்ல முடியுமா? மரபணுப் படிப்பைக் கூடவே கற்றுக்கொள், ஒரு கை அதில் இருந்தால் கட்டுரைக்குப் பஞ்சம் வராது. தில்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் தாவர மரபு வளத்துக்கென்றே பிஎச்.டி. இருக்கிறது. ஏ.ஆர்.எஸ்.ஸில் அதற்குத் தனிப் பிரிவு, விதை அறிவியலுக்குத் தனிப் பிரிவு, உனக்கு எது பொருந்தும் என்று அறிவிக்கையை வரிவரியாகப் படி. இடங்கள் குறைவு, ஒரே தடவையில் கிடைக்கும் என்று எண்ணாதே.

பண்ருட்டிப் பலா எழுதியது:

அம்மா, நெல்லுக்கும் சாமைக்கும் சரி. எங்கள் பலாக்கொட்டையை எந்த வங்கியில் வைப்பது? ஒரு மாசம் கழித்துப் போட்டால் வருவதில்லை.

நூற்றுக்கு எத்தனை எழுதியது:

எந்த வங்கியிலும் வைக்க முடியாது, தம்பி. காயவைத்தாலே செத்துப்போகும் விதை அது. பலா, மா, தேயிலை, ரப்பர், கோகோ, தென்னை எல்லாம் அந்தச் சாதி. 1973இல் ராபர்ட்ஸ் என்பவர்தான் விதைகளை இப்படி இரண்டாகப் பிரித்துப் பேர் வைத்தார். இதுகளை மரமாகத்தான் காக்க வேண்டும். கர்நாடகத்தில் கிடு என்ற இடத்தில் தென்னைக்கு அப்படி ஒரு தோப்பே சர்வதேசச் சேமிப்பாக நிற்கிறது. புயல் வந்தால் தோப்பு போயிற்று, அதுதான் பயம். இல்லாவிட்டால் கொட்டைக்குள்ளிருக்கும் கருவின் அச்சை மட்டும் பிரித்து, பதமாகக் காயவைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போட வேண்டும். கொஞ்சம் கூடக் காய்ந்தால் சாவு, கொஞ்சம் குறைந்தால் உள்ளே பனிக்கட்டி குத்திச் சாவு. முதுகுளத்தூர்ப் பெண்ணே, உனக்கு ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் இங்கே ஒரு ஆயுசுக்குப் போதுமான வேலை கிடக்கிறது.

டெல்டா நாற்றங்கால் எழுதியது:

எல்லாம் படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எங்கள் தாத்தா காலத்தில் ஊருக்கு வந்தவர்கள் வாங்கிப்போன நெல் ஒன்று, இன்று எங்கள் பக்கத்தில் யாரிடமும் இல்லை. ஒரு அரசு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். படிவம் வந்தது, நிரப்பினேன், மறுபடி வேறு படிவம் வந்தது. பதினாலு மாசம் கழித்து ஒரு கவர். உள்ளே 40 நெல். எண்ணிப் பார்த்தேன், சரியாக 40.

மறைந்த நெல் ஜெயராமன் ஐயா நடத்திவந்த நாட்டு நெல் திருவிழாவில் இரண்டு கிலோ வாங்கினால் அடுத்த வருஷம் நான்கு கிலோ திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் படிவம். எங்கள் ஆத்தா விதைக்கோட்டை கட்டினால் வைக்கோல் பிரி சுற்றி, சாணி மெழுகி, அடுத்த பட்டம் வரை பூச்சி அண்டாது. வருஷா வருஷம் வயலைப் பார்த்த விதை அது. ஃப்ரீசருக்குள் முப்பது வருஷம் தூங்கின விதைக்கு இன்றைய வெயில் தெரியுமா?

நூற்றுக்கு எத்தனை எழுதியது:

கோபம் என்ன, நான் அந்தக் கவரின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். பதினாலு மாசத்துக்கு என்னிடம் சமாதானம் கிடையாது, வெட்கம்தான். நாற்பதுக்கு மட்டும் ஒரு காரணம் சொல்கிறேன். பையில் இரண்டாயிரம் விதை இருந்து, கேட்ட நாலு பேருக்கு ஐந்நூறு ஐந்நூறாகக் கொடுத்தால் பை காலி. வங்கிக்கு மறுபெருக்கம் செய்ய வயலும் ஆளும் வேண்டும், அது எப்போதும் பத்தாது.

வெயில் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியாது. உள்ளே இருப்பது உங்கள் தாத்தா கொடுத்த வருஷத்து நெல், அதற்குப் பிறகு வந்த மழையும் பூச்சியும் அது பார்க்காதது. வயலில் இருக்கும் விதை மாறிக்கொண்டே வரும், அதனால்தான் அது வேண்டும். ஒரே ஊரில் இரண்டு வருஷம் வெள்ளம் வந்தால் அந்த வயல் விதை மொத்தமாகப் போகவும் போகும், அதனால்தான் இதுவும் வேண்டும். இதில் யார் பெரியவர் என்ற சண்டையில் நான் நிறையக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன், டீ நன்றாக இருக்கும்.

அந்த 40 என்ன ஆயிற்று? அதைச் சொல்லுங்கள் முதலில்.

டெல்டா நாற்றங்கால் எழுதியது:

36 முளைத்தது. ஒற்றை நாற்றாக முக்கால் அடிக்கு ஒன்று நட்டேன், எலிக்கு மூன்று போயிற்று. கதிரைக் கையால் உருவி அளந்தால் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் குறுவையில் பத்து சென்ட் போட்டிருக்கிறேன்.

நூற்றுக்கு எத்தனை எழுதியது:

நாற்பதில் முப்பத்தாறு, 90. பை நல்ல பைதான். தயவுசெய்து அறுவடை முடிந்ததும் ஒரு கிலோவை ஊர்ப் பேர், வயல், தேதி எல்லாம் எழுதி அதே அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். படிவம் கேட்டால் என்னைத் திட்டிக்கொண்டே நிரப்புங்கள்.

முதுகுளத்தூர்க்காரி எழுதியது:

அம்மா, உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 2,048 மடங்கு என்றதும் ஃபோன் கால்குலேட்டரை எடுத்து அவரே இரண்டு இரண்டாகப் பெருக்கிப் பார்த்தார். சரி என்று சொல்லவில்லை, ஆனால் "அப்பத்தா டப்பால எவ்வளவு ஈரம் இருக்கும்?" என்று கேட்டார். இப்போதைக்கு அது போதும்.

முடிவெடுக்கும் முன்னால் நான் ஏதாவது செய்து பார்க்க வேண்டுமா? எனக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நூற்றுக்கு எத்தனை எழுதியது:

அப்பத்தா டப்பாவிலிருந்து நூறு நெல் எடு. ஈரத் துணியில் பத்துக்குப் பத்தாக அடுக்கிச் சுருட்டி நிழலில் வை, துணி காயவிடாதே. ஐந்தாம் நாள் ஒரு தடவை, பதினாலாம் நாள் ஒரு தடவை எண்ணு. அதற்குள் அப்பத்தாவிடம் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதி வாங்கு: என்ன நெல், எங்கிருந்து வந்தது, எந்த வயல், எப்போது அறுத்தது, ஏன் இதை விடவில்லை. எண்ணுவது அலுத்தால் ஓசூர் போ. எழுதுவது அலுத்தாலும் ஓசூர் போ.

முதுகுளத்தூர்க்காரி எழுதியது:

குழியடிச்சான். அப்பத்தா கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து ஒரு மரக்கால் கொண்டுவந்ததாம், கமுதிப் பக்கம். கண்மாய்க்கு வடக்கே மேட்டு வயல், செம்மண் கலந்தது. ஏன் விடவில்லை என்று கேட்டதற்கு, "மழை பிந்தினாலும் கஞ்சிக்கு ஆகும். கடையில வாங்குறது பிந்தினாச் செத்துப்போகும்." ஒரு பக்கம் என்றீர்கள், ஆறு பக்கம் ஆகிவிட்டது. இன்னும் மிளகாய் விதைக் கதைக்கே வரவில்லை.

முளைப்பு, ஐந்தாம் நாள்: 100க்கு 38. பதினாலாம் நாள்: 43. பூசணம் பிடித்தது நான்கு. மீதி 53 அப்படியே கிடக்கிறது. அறுத்தது தை 12. அப்பத்தா முகம் வாடிவிட்டது, "என் விதை கெட்டுப்போச்சா?" என்கிறது.

நூற்றுக்கு எத்தனை எழுதியது:

இடுக்கியால் அழுத்திப் பார்த்தாயா?

முதுகுளத்தூர்க்காரி எழுதியது:

இப்போதுதான். கல் மாதிரி இருக்கிறது.